மூன்றாக வெட்டிய சோப்பு

மார்ச் 3 – நுழைவுச் சீட்டு ஒன்று: 120
மார்ச் 3 – தண்ணீர் பாட்டில்: 20
மார்ச் 5 – வக்கீல் நோட்டீஸ்: 4,000
மார்ச் 15 – நுழைவுச் சீட்டு மூன்று: 360
மார்ச் 28 – சிறிய லாரி, ஏற்று கூலியுடன்: 1,800

முதல் நான்கும் ஸ்டோரம்மா கொடுத்தது. லாரிக்கு அவள் மகன் கொடுத்தான்.

பெரிய மருத்துவமனையின் பண்டக அறையை முப்பத்தொரு ஆண்டு பார்த்துக்கொண்டதால் அவளுக்கு ஸ்டோரம்மா என்று பெயர். பஞ்சு, ஸ்பிரிட், போர்வை, கையுறை, ஃபினாயில் எது வேண்டுமென்றாலும் அவள் கம்பி ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். டாக்டர்களும் நின்றார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு கட்டுப் போர்வை காணாமல் போனது. அவளை நிற்க வைத்து விசாரித்தார்கள். எடுத்தது லாரி டிரைவர் என்று பிறகு தெரிந்தது. தெரிவதற்குள், நடைபாதையில் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் யார் யார் என்பதை ஓய்வு பெறும்வரை அவள் மறக்கவில்லை. அவர்களுடைய வார்டுகளுக்குப் போர்வை எப்போதும் தாமதமாகத்தான் போகும். அன்று இடுப்பில் ஏறிய சாவிக்கொத்து அப்புறம் இறங்கவேயில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு பஞ்சுச் சுருள்கூடக் குறைந்தது கிடையாது.

வீட்டையும் அப்படியே நடத்தினாள். சமையலறை அலமாரிகளுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. கணவர் வாய் திறந்து எதையும் கேட்டுப் பழகாதவர். கேட்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்நேரமும் கிரீஸ் கையோடு வருவான், சாப்பாட்டு மேசையில் உட்காருவான், தட்டு வரும். சமையலறைக்குள் அவன் கால் வைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்த மறுநாள் காலையில் ஸ்டோரம்மா அவளுக்கு அன்றைய பங்கை அளந்து கொடுத்தாள். தேயிலை, சர்க்கரை, எண்ணெய், ஒரு துண்டு சோப்பு. புதுப்பெண் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நாடகக் கம்பெனி ஒன்றுக்கு மேடையில் வீடு, தெரு, கிணறு என்று செய்து கொடுக்கிற வேலை அவளுக்கு. அட்டையையும் சாயத்தையும் வைத்துக்கொண்டு பொய்யை மெய்யாக்குகிறவள் என்று ஸ்டோரம்மா அவளைப் பற்றிச் சொல்வாள். நான்காவது ஆண்டில் அவள் ஒரு தோள்பையோடு வெளியே போனாள். விவாகரத்துத் தாளில் காரணம் எழுதுகிற இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் இருந்தது. ஸ்டோரம்மா அக்கம்பக்கத்தில் சொன்ன காரணம் வேறு: பெண்ணுக்குக் கை நீளம், வாய் அதைவிட நீளம்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டு மகன் கல்யாணப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் வங்கி ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே காசாளர் பெண் ஒருத்தி. வெளியே எடுக்கப் போனவன் இவன். அவளை எடுத்துவிட்டான், இவன் மாட்டிக்கொண்டான். அந்தப் பெண் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்று, ஸ்டோரம்மா போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். அவள் எதிரில் ஸ்டோரம்மா அலமாரி எதையும் திறக்கவில்லை. வேண்டியதை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்திருந்தாள். மகன் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தான்: இதுவும் முறிந்தால் அவன் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விடுவான். ஸ்டோரம்மாவுக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். மகன் இதே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். வருகிறவள் இங்கேதான் வர வேண்டும். முன்னறைக்குப் புதுச் சுண்ணாம்புகூட அடித்தாகிவிட்டது.

மார்ச் இரண்டாம் தேதி மாடி வீட்டுக்காரி படியில் வழி மறித்தாள். படிக்கட்டைக் கழுவுகிற முறை யாருடையது என்பதில் இருவருக்கும் பழைய பகை. அன்று அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“பழைய ஐஸ் தொழிற்சாலையில ஏதோ கண்காட்சி போட்டிருக்காங்களே, பார்த்தீங்களா?”

“கண்காட்சி பார்க்க எனக்கு எங்க நேரம்?”

“பார்க்கணும்க்கா. உங்க சமையலறைய அப்படியே தூக்கிட்டுப் போய் வச்சிருக்காங்க. காசு குடுத்து உள்ள போறாங்க ஜனங்க. நான் ரெண்டு தடவை போனேன்.”

யார் வைத்தது என்று ஸ்டோரம்மா கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரி கேட்காமலே சொன்னாள். வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது முன்னாள் மருமகளேதானாம். ஆள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாளாம். கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாளாம். “தட்டு நிறைய பிஸ்கட்டும்” என்று சேர்த்துச் சொல்லிவிட்டு மாடி வீட்டுக்காரி மேலே ஏறினாள்.

அன்று மாலை மகன் வந்து, ஞாயிறு பதினைந்தாம் தேதி காசாளர் பெண்ணோடு ஒரு கண்காட்சிக்குப் போவதாகவும் அம்மாவையும் அழைத்து வரும்படி அவள் கேட்டதாகவும் சொன்னான். ஐஸ் தொழிற்சாலை என்றான்.

மறுநாளே ஸ்டோரம்மா தனியாகக் கிளம்பிப் போனாள்.

தொழிற்சாலை மூடிப் பல ஆண்டாகிறது. இரும்புக் கதவுக்கு மேலே, தொடலாம், முகரலாம், காது கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கண்ணால் பார்ப்பதற்கு உள்ளே அதிகம் கிடையாது என்று சீட்டுக் கொடுப்பவன் சொன்னான். செருப்பைக் கழற்றச் சொன்னான். யார் யார் செய்தது என்பதை எங்கும் எழுதவில்லை, அறைக்கு எண்ணும் பெயரும் மட்டும். முதல் அறையின் தரை முழுக்கப் பஞ்சு மெத்தை; கால் புதையப் புதைய, சுவரில் இருந்த குழாயில் காது வைத்தால் நடக்கிறவருடைய மூச்சே திரும்பிக் கேட்டது. அடுத்ததில் ஈரத் துணிகளை நெருக்கமாகத் தொங்கவிட்டு இருட்டில் அவற்றுக்குள் நடக்க விட்டார்கள். முகத்தில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டியது. மூன்றாவதில் பெட்டிகளில் ஓட்டை. கையை விட்டால் ஒன்றில் பனிக்கட்டி, ஒன்றில் ரோமம், ஒன்றில் ஏதோ துடித்தது. நான்காவதில் மின்விசிறிகள் மாறி மாறி பெட்ரோலையும் பழைய காகிதத்தையும் நனைந்த மண்ணையும் மூக்கில் அடித்தன. இளம் ஜோடி ஒன்று கண்ணை மூடிக்கொண்டு நின்று ஆகா என்றது. வீட்டில் ஈரத் துணியைக் காயப்போடத் துப்பில்லாதவர்கள் நூற்றிருபது கொடுத்து அதில் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்று ஸ்டோரம்மா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாள். அவர் நகர்ந்து போய்விட்டார்.

ஆறாவது அறையின் வாசலில், பூட்டிய சமையலறை, ஒருவர் மட்டும் என்று இருந்தது. ஒரு பையன் அவள் கையில் காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் தேயிலையும் பாதி சோப்பும் வைத்து உள்ளே விட்டான்.

கூரை தலையில் முட்டுகிற உயரம். எங்கேயோ அடுப்பு எரிகிற வெக்கை. மூன்று பக்கமும் அலமாரி, எல்லாவற்றிலும் பூட்டு. கதவுகளில் ஊசி முனையளவு துளைகள் போட்டிருந்தார்கள். மூக்கை அருகில் கொண்டு போனால் ஒன்றிலிருந்து வெல்லப்பாகு, ஒன்றிலிருந்து வறுத்த கடலை, ஒன்றிலிருந்து புதிய நெய். தொட்டால் மரமும் இரும்பும்தான். ஃபினாயில் வாடை அறை முழுக்க. ஒரு பாத்திரத்தில் பால் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று சுவருக்குப் பின்னால் சாவிச் சத்தம். அது நெருங்க நெருங்க விளக்கு மங்கியது. நின்றது. விலகிப் போனது. விளக்கு வந்தது. மறுபடி சாவி. பேச்சு எதுவும் கிடையாது, குரல் கிடையாது.

வெளியே வந்ததும் அவளுக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. வாசலில் தண்ணீர் பாட்டில் வாங்கினாள். குடித்து நிமிர்ந்தபோது எதிரில் முன்னாள் மருமகள் நின்றிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, வழியை விடாமல்.

“வாங்க மேடம்” என்றாள். அத்தை என்ற சொல்லைத் தோள்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனவள், அதை வேறெங்கோ தொலைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஸ்டோரம்மா சுற்றிவளைக்கவில்லை. இதை இன்றைக்கே பிரித்து எடுக்க வேண்டும் என்றாள்.

“எதுக்குப் பிரிக்கணும்? யார் பேரு போட்டிருக்கேன்? யார் வீடுன்னு எழுதியிருக்கேன்?”

“என் வீடுன்னு எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அங்கே நிறுத்தியிருந்தால் ஸ்டோரம்மா பிழைத்திருப்பாள். வரிசையில் நின்ற நாலு பேரும் ஒன்றும் புரியாமல் கலைந்து போயிருப்பார்கள். ஆனால் பண்டகத்தில் தப்பான இருப்பு நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா போகிற பழக்கம் அவளுக்கு முப்பத்தொரு ஆண்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. அறைக்குள் இருந்தபோதே அவளைக் குடைந்தது அவமானம் இல்லை. தப்பு. ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

“எல்லாம் பொய்” என்றாள். “சோப்ப எவடி ரெண்டா வெட்டினா? நான் ரெண்டா வெட்டினேனா? மூணா வெட்டுவேன், நூல் வச்சு, ஒரே அளவா.”

மருமகள் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. “அப்புறம்?” என்றாள்.

“சாவி என்ன நாலு சாவி மாதிரி கிலுகிலுங்குது? பதினொரு சாவி. அதுவும் கையிலயா பிடிச்சுட்டு அலைவேன்? இடுப்புல இருக்கும். இடுப்புல இருந்தா நடைக்கு ஒரு சத்தம், நின்னா ஒரு சத்தம்.”

“அப்புறம்?”

“சமையலறையில யாராவது ஃபினாயில் ஊத்துவாங்களா? நான் சோடா மாவு போட்டுத் தேய்ச்ச இடம் அது. ஃபினாயில் என் துணியில இருந்த வாடை. வேலை முடிஞ்சு வந்தா இருக்கும். நான் வந்தா வரும், போனா போகும்.”

“அது எனக்கு மறந்து போச்சு” என்றாள் மருமகள் மெதுவாக. “நாள் பூரா இருந்த மாதிரியே நெனப்பு. அப்புறம்?”

“பால் பாத்திரத்துல கோடு எங்க? எவ்வளவு இருக்குன்னு பென்சில்ல கோடு போடாம நான் பால் வச்சதே கிடையாது. ஜன்னல் எங்க? குருட்டுச் சிறை மாதிரி அடைச்சு வச்சிருக்க. ஜன்னல் இருந்துச்சு. அதுலதான் உனக்குக் காத்து வந்துச்சு.”

“இருந்துச்சு. அதுக்கும் பூட்டு இருந்துச்சு.”

“திருட்டு பயம்.”

“மூணாவது மாடியில.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸ்டோரம்மா திரும்பி அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தாள். போர்வை கேட்டு வரும் நர்சுகள் அந்தப் பார்வைக்குப் பயந்து நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவார்கள். இவன் இன்னும் நன்றாகச் சிரித்தான்.

“நாலு வருஷம் நான் உள்ள இருந்தேன் மேடம்” என்றாள் மருமகள். “நீங்க பத்து நிமிஷம் இருந்தீங்க. வந்ததும் தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. வாங்கிக் குடிக்க முடியுது பாருங்க, அதுக்குள்ள உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இருக்கு.”

ஸ்டோரம்மா அவள் காலடியில் காறித் துப்பவில்லை. துப்பியிருக்க வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்தாம் தேதி வக்கீலிடம் போனாள். அவர் அவளுடைய பணத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, அதன் பிறகு உண்மையைச் சொன்னார்.

“நீங்க சும்மா இருந்தீங்கன்னா அது யார் வீட்டுச் சமையலறையோ. கேஸ் போட்டீங்கன்னா அது உங்க சமையலறை. எது வேணும்?”

அவளுக்கு இரண்டும் வேண்டாம், மூட வேண்டும். வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். மறுவாரம் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட அறை எந்த வீட்டையும் எந்த நபரையும் குறிக்கவில்லை. தங்கள் கட்சிக்காரர் அது தம்முடையது என்று எதை வைத்துச் சொல்கிறார் என்பதைத் தெரிவித்தால் மகிழ்ச்சி. வக்கீல் அதைப் படித்துவிட்டு, நல்ல வக்கீலை வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டினார்.

பதினைந்தாம் தேதி நெருங்க நெருங்க ஸ்டோரம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். தலைவலி என்றாள். முழங்கால் என்றாள். அந்த இடத்தில் கரப்பான் பூச்சி, போனவர்களுக்கெல்லாம் தோலில் தடிப்பு என்று மருத்துவமனையில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அம்மா வேண்டுமானால் வீட்டில் இருக்கட்டும், நாங்கள் போய் வருகிறோம் என்று காசாளர் பெண் போனில் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதைவிட மோசம் வேறு கிடையாது. பின்னோடு போனால் ஆறாம் அறை வாசலில் எதையாவது சொல்லித் திருப்பிவிடலாம். சீட்டை நானே வாங்குகிறேன் என்று முந்திக்கொண்டு பணத்தைக் கொடுத்ததும் அதற்காகத்தான். சீட்டு தன் கையில் இருந்தால் பிடி தன்னிடம் இருக்கும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரிந்தது. காசாளர் பெண் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு அறையிலும் கையை விட்டுப் பார்த்தாள், ஈரத் துணியில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். மகனும் சிரித்தான். அவன் சிரித்து ஸ்டோரம்மா பார்த்து வெகு நாளாகியிருந்தது. அதைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. ஆறாம் அறை வாசலில், இதில் ஒன்றும் இல்லை, நான் விசாரித்துவிட்டேன், வெறும் புழுக்கம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் கையை விடுவித்துக்கொண்டு, “நீங்க வெளியில உக்காருங்க அத்தை, உங்களுக்குத்தான் முழங்கால் வலியாச்சே” என்று உள்ளே போனாள்.

வாசலில் நின்ற பையன் அவள் கையில் வைத்த சோப்புத் துண்டு சின்னதாக இருப்பதை ஸ்டோரம்மா அப்போதுதான் கவனித்தாள்.

உள்ளே சாவிச் சத்தம் கேட்டது. பதினொரு சாவி. நடக்கும்போது ஒரு மாதிரி, நிற்கும்போது ஒரு மாதிரி. அது வந்தபோது வாசல் திரைக்கு அடியிலிருந்து ஃபினாயில் வாடையும் வந்தது. சத்தம் விலகியபோது வாடையும் விலகியது. அடைத்த ஜன்னல் ஒன்றுக்கு அப்பால் தெருவில் குழந்தைகள் விளையாடுகிற கூச்சல், கனத்த கண்ணாடியைத் தாண்டி வருகிற மாதிரி, மங்கலாக. அவள் சொன்னது ஒன்று விடாமல் செய்திருந்தார்கள்.

காசாளர் பெண் வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளங்கையில் சோப்புத் துண்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வங்கியில் சந்தேகமான நோட்டை அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது. பிறகு நேராக ஸ்டோரம்மாவிடம் வந்தாள்.

“அத்தை, சோப்ப மூணா எதுக்கு வெட்டுவாங்க?”

எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னால் போதும். மூன்று வார்த்தைப் பொய். ஆனால் பண்டகத்தைப் பற்றி யார் கேள்வி கேட்டாலும் ஸ்டோரம்மாவின் வாயிலிருந்து பதில் தானாக வரும்.

“ஒண்ணு குளிக்க, ஒண்ணு துணிக்கு, ஒண்ணு கையிருப்பு. ரெண்டா வெட்டினா கையிருப்பு எங்கேர்ந்து வரும்?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. காசாளர் பெண் அவள் இடுப்பைப் பார்த்தாள். அங்கே சாவிக்கொத்து. வேறெங்கே இருக்கும்.

மகன் இன்னும் புரியாமல் நின்றான். அப்போது சீட்டு கொடுக்கும் மேசைப் பக்கமிருந்து முன்னாள் மருமகள் வந்தாள். ஆறு ஆண்டுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர். அவன் முகம் வெளுத்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, ஒரு பழைய பில்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“உள்ள போ” என்றாள். “உனக்குத் தெரியாத அறைதான்.”

ஸ்டோரம்மா மகனுடைய சட்டையைப் பிடித்தாள். போகாதேடா, அவள் ஜாலக்காரி, அட்டையும் சாயமும் என்று ஏதேதோ சொன்னாள். அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு போனான்.

அவன் உள்ளே இருந்த நேரம் முழுக்க மூன்று பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சாவி இரண்டு முறை வந்து போயிற்று. பின்னால் நின்றவர்கள் எவ்வளவு நேரம் என்று முணுமுணுத்தார்கள். காசாளர் பெண் திரும்பி, எங்களுக்கு ஆகிற நேரம் ஆகட்டும் என்று ஒரே வார்த்தையில் அவர்களை அடக்கினாள்.

வெளியே வந்தவன் மருமகளைப் பார்க்கவில்லை, காசாளர் பெண்ணையும் பார்க்கவில்லை. அம்மாவிடம்தான் வந்தான்.

“எனக்கு தினம் டம்ளர் நிறைய பால் வரும்” என்றான். “ஒரு நாளும் குறைஞ்சதில்ல. அந்தக் கோடு எனக்கும் போட்டியா?”

“உனக்கு எதுக்குடா கோடு?” என்றாள் ஸ்டோரம்மா. உண்மையாகவே அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. “நீ என் பிள்ளை.”

மகன் தலையை ஆட்டிக்கொண்டான். முன்னாள் மருமகளிடம் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். “வேண்டாம். அடுத்த ஆள் நிக்கறாங்க” என்று சொல்லிவிட்டு, வரிசையில் முதலில் நின்ற கிழவருக்குத் திரையை விலக்கிப் பிடித்தாள்.

வீட்டில் அன்றைக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஸ்டோரம்மா ஜெயித்திருப்பாள், சண்டையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த பன்னிரண்டு நாளும் மகன் தனக்கு வந்த பாலைத் தொடவில்லை. ஆடை கட்டிப்போன டம்ளரை அவனே கழுவி வைத்தான். முன்னறை எதற்கு வெள்ளையடித்தேன் தெரியுமா என்று அவள் கேட்டதற்குத் தெரியும் என்றான். காசாளர் பெண் கல்யாணத்தை நிறுத்தவில்லை. அதைத்தான் ஸ்டோரம்மாவால் தாங்க முடியவில்லை. நிறுத்தியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம், மகன் கூடவே இருந்திருப்பான். அந்தப் பெண் ஒருமுறை வந்து, நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

“உங்க பையனைத்தான் கட்டிக்கறேன். உங்க வீட்டை இல்ல.”

“அவ உனக்கு நல்லா ஓதி விட்டிருக்கா.”

“அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நீங்கதான் சொன்னீங்க.”

இருபத்தெட்டாம் தேதி சிறிய லாரி வந்தது. ஒரு கட்டில், கருவிப் பெட்டிகள், துணி. சமையலறையிலிருந்து எதுவும் போகவில்லை. எடுத்துக்கொள் என்று அவளும் சொல்லவில்லை, கேட்க அவனும் உள்ளே வரவில்லை. மாடி வீட்டுக்காரி தன் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கடைசி மூட்டை ஏறும்வரை பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, படிக்கட்டை இந்த வாரம் நானே கழுவிவிடுகிறேன் அக்கா என்றாள். ஸ்டோரம்மா அவளுக்குச் சொன்ன பதிலை எழுத முடியாது.

கண்காட்சி அந்த மாதத்தோடு முடிந்தது. ஆறாம் அறையைப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து வேறு ஊருக்குக் கொண்டு போனார்கள் என்று வக்கீல் சொன்னார். இப்போது மூட வேண்டியது எதுவும் இல்லை என்றும் சொன்னார். கொடுத்த பணத்தில் பாதியாவது திரும்புமா என்று அவள் கேட்டாள். அவர் அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார்.

மே மாதம் மகனுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. முதல் நாள் போன் செய்தான். கல்யாணம் ஆனதும் நேராக இங்கே வருவதாக இருந்தால் நான் வருகிறேன், இல்லையென்றால் இல்லை என்றாள். அவன் சரி என்றான். எதற்குச் சரி என்றான் என்பது மறுநாள் யாரும் வராதபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவன் போனை அவள் எடுப்பதில்லை. வாயால் சொல்வது காற்றோடு போகும், சொல்ல வேண்டியதை எழுத்தில் கொடு என்று ஒரு சீட்டு எழுதி அவன் வேலை செய்யும் கம்பெனிக்கு அனுப்பினாள்.

அவன் எழுத்தில் கொடுத்தான். முதல் கடிதம் ஜூனில் வந்தது. ஞாயிறுதோறும் இருவரும் வந்து பார்க்கிறோம். மாதத்தில் ஒரு வாரம் தங்கவும் தயார். அலமாரிப் பூட்டுகளை மட்டும் எடுத்துவிட வேண்டும். எல்லாம் வேண்டாம், சமையலறையில் இருப்பது மட்டும் போதும். அடியில் காசாளர் பெண்ணும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஸ்டோரம்மா அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம் எல்லாப் பூட்டையும் திறந்து, கதவுகளை விரியத் திறந்து வைத்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சர்க்கரை, எண்ணெய், மாவு, சோப்பு எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. எடுக்க ஆள் யாரும் இல்லாத வீடு. இருந்தும் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கழுத்து வியர்த்தது. யாரோ பின்னால் வந்து நிற்கிற மாதிரி, எண்ணிப் பார்க்கச் சொல்கிற மாதிரி இருந்தது. எழுந்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பூட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

பதில் எழுதினாள். இந்த வீட்டில் பூட்டு இருக்கும். என் கண் மூடிய பிறகு நீ உடைத்துக்கொள். வருகிறவர்கள் வீட்டு ஒழுங்குக்கு உட்பட்டு வர வேண்டும். உனக்கு மட்டும் ஒருநாளும் எதுவும் குறையாது, அதை நீ மறக்க வேண்டாம்.

ஜூலையில் இரண்டாவது கடிதம். எனக்கு மட்டும் குறையாததுதான் அம்மா எனக்கு ஆகவில்லை என்று ஒரு வரி. ஒரு பூட்டையாவது எடு, எதையென்று நீயே தீர்மானித்துக்கொள் என்று இன்னொரு வரி. அவள் அதற்கு எழுதிய பதிலில் முன்னாள் மருமகளுக்கும் காசாளர் பெண்ணுக்கும் சேர்த்து ஒரு பக்கம் சாபம் இருந்தது. மகனுக்கு ஒரே கேள்வி: நீ எப்போது தனியாக வருகிறாய்?

மூன்றாவதில் மூன்று வாக்கியம்தான். நாங்கள் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். இனி எழுத வேண்டாம், நானும் எழுதவில்லை.

அது வந்தது ஆகஸ்ட் 21.